நடுத்தரக் கார்களை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எழுபதுகளின் அமெரிக்கக் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுதுகிறவர்கள் குறைவு, அதற்கு என் நன்றி. ஆனால் படித்து முடித்தபோது மனம் ஒப்பவில்லை. "பெட்ரோல் குடிக்கும் இரும்புக் கப்பல்கள், 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, மக்கள் ஜப்பான் கார்களுக்கு மாறினார்கள்" என்று கட்டுரையாளர் மூன்று வரியில் கதையை முடித்துவிட்டார். அந்தப் பத்தாண்டில் நான் மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் இருந்தேன். 1974-இல் மேற்படிப்புக்கு வந்து, பிறகு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்கும் இதே ஊரில்தான் இருக்கிறேன். தெருவில் நான் பார்த்தது வேறு.

முதலில் அந்தப் படம். ஷெவ்ரலே கம்பெனியின் நடுத்தரக் காரான ஷெவெலின் படத்துக்குக் கீழே '1975 ஷெவெல்' என்று போட்டிருக்கிறீர்கள். அது 1970-ஆம் வருஷத்து வண்டி. பக்கவாட்டுக் கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருக்கின்றன, நடுவில் தூணே இல்லை, முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. 1973 முதல் அப்படி ஒரு ஷெவெல் கிடையாது. கார் உருண்டால் கூரை தாங்க வேண்டும் என்று அரசு கடுமையான விதி கொண்டுவரும் என்ற எதிர்பார்ப்பில், ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆண்டு தன் நடுத்தரக் கார்கள் எல்லாவற்றிலும் நடுத்தூணை வைத்துவிட்டது. ஷெவெல், ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ், பாண்டியாக் லெமான்ஸ், பியூக் செஞ்சுரி எல்லாமே ஒரே எலும்புக்கூட்டின் மேல் வந்த உடன்பிறப்புகள். 1972-லேயே வந்திருக்க வேண்டியவை அவை. 1970-இல் இரண்டு மாதத்துக்கு மேல் நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு வருஷம் தள்ளிவிட்டது.

'நடுத்தரம்' என்றதும் நம் வாசகர்கள் சின்னக் காராக நினைத்துக்கொள்ளக் கூடாது. கட்லஸ் பதினேழு அடி நீளம். நம் அம்பாசடரை அதன் பக்கத்தில் நிறுத்தினால் மூன்றடி குட்டையாகத் தெரியும். அமெரிக்கர்களுக்கு அதுதான் நடுத்தரம், ஏனென்றால் அதற்கு மேல் இம்பாலா, காப்ரிஸ் என்று இன்னொரு வரிசை இருந்தது.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான செய்தி இதுதான்: 1976-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்றது ஜப்பான் காரும் இல்லை, குட்டிக் காரும் இல்லை, இந்தக் கட்லஸ்தான். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்று, நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைத்து, இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எட்டு சிலிண்டர் கொண்ட வி-எட்டு எஞ்சின் கார் ஒன்று முதலிடத்துக்கு வந்துவிட்டது! காரணம் எனக்குப் புரிகிறது. பெரிய கார் வைத்திருந்தவர்கள் ஒரு படி இறங்கத் தயாராக இருந்தார்கள், மூன்று படி இறங்கத் தயாராக இல்லை. கட்லஸ் சுப்ரீமில் நிமிர்ந்த பின்கண்ணாடி, வினைல் கூரை, வெல்வெட் போன்ற சீட், ஒரு விரலால் திருப்பக்கூடிய ஸ்டியரிங் எல்லாம் இருந்தன. காடிலாக் வாங்க முடியாதவனுக்கு அந்த மரியாதையில் பாதியாவது கிடைத்தது. 1977-இல் நானும் ஒரு பழைய கட்லஸைத்தான் வாங்கினேன். பெட்ரோல் போடும் வாய் பின்னால் நம்பர் பிளேட்டுக்கு அடியில் இருக்கும். பிளேட்டைக் கீழே மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் மூடியைத் திருக வேண்டும், விட்டால் ஸ்பிரிங் படாரென்று மேலே வரும். ஹெட்லைட்டை டிம் பண்ணுகிற சுவிட்ச் இடது பாதத்துக்கு அடியில். இன்றைக்கும் இருட்டில் எதிரே வண்டி வந்தால் என் இடது கால் தரையைத் தேடுகிறது.

லான்சிங்காரர்களுக்கு அது வெறும் கார் இல்லை, வீட்டுப் பிள்ளை. வெர்லிண்டன் அவென்யூ ஃபிஷர் பாடி ஆலையில் செய்த கார் கூடுகளை லாரியில் ஏற்றி, ஊருக்குள்ளேயே ஓல்ட்ஸ்மொபீல் ஆலைக்குக் கொண்டுபோவார்கள். அந்த லாரிக்குப் பின்னால் சிக்னலில் நிற்காத ஆள் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்.

அடுத்து, குதிரைத்திறன். 1970-இல் 450 குதிரைத்திறன் இருந்த ஷெவெல் 1975-இல் 145-க்கு விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். இரண்டு எண்களும் சரிதான், பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தவறு. 450 என்பது 454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சின், மிகச் சிலரே வாங்கிய பந்தயக் குதிரை. 145 என்பது சாதாரணக் குடும்பம் வாங்கிய 350 எஞ்சின், இரட்டைத் தொண்டை கார்புரேட்டரோடு. அதைவிட முக்கியம், அளக்கும் முறையே இடையில் மாறிவிட்டது. 1971 வரை சைலன்சரும் மற்ற துணைக்கருவிகளும் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் ஓட்டி அளந்தார்கள். 1972-இலிருந்து காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1971-இல் இரண்டு கணக்கையும் வெளியிட்டது: ஒரே 454 எஞ்சினுக்குப் பழைய முறையில் 365, புதிய முறையில் 285. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமலே 80 குதிரைகள் காணாமல் போயின. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகக் கம்ப்ரெஷனைக் குறைத்ததும், புகைக் கட்டுப்பாடும் மீதியைத் தின்றது உண்மை. ஆனால் வீழ்ச்சி கட்டுரையில் காட்டிய அளவுக்கு இல்லை. இந்தக் கணக்கை விளக்காமல் அந்த எண்களை அச்சிடுவது அந்தக் காலத்து எஞ்சினியர்களுக்குச் செய்கிற அநியாயம் என்பேன்.

அழகு போய்விட்டது என்கிறாரே, அதில் அவரோடு பாதி தூரம் வருகிறேன். 1972 ஃபோர்டு கிரான் டொரினோவின் முகத்தைப் பாருங்கள். மீன் வாய் திறந்ததுபோல் நீள்வட்ட கிரில். அந்தப் பத்தாண்டில் அதைவிட அழகான முகம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஒரு வருஷம் டொரினோ ஏறத்தாழ ஐந்து லட்சம் விற்றது. மறு வருஷமே அந்த வாய் அடைபட்டது. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் மோதினாலும் முன்பக்கத்து விளக்கும் மற்ற பாதுகாப்புப் பாகங்களும் பழுதாகக் கூடாது என்று 1973-இல் விதி வந்தது. ஃபோர்டு ஒரு கனத்த பம்பரை உத்தரம்போல் குறுக்கே போட்டு, கிரிலைச் சதுரமாக்கிவிட்டது. 1974-இல் பின்பக்கத்துக்கும் அதே கதி.

கார் காட்சிகளுக்குப் போனால் எந்த நடுத்தரக் கார் உசத்தி என்ற பேச்சு ஓயவே ஓயாது. கிரைஸ்லர் பக்தர்கள் டார்ஷன் பார் சஸ்பென்ஷனை (முன்சக்கரங்களைச் சுருள்வில்லுக்குப் பதில் முறுக்குக் கம்பி தாங்கும் அமைப்பு) சொல்லியே ஆளை அடித்துவிடுவார்கள்: வளைவில் எங்கள் சாட்டிலைட் நின்றதுபோல் உங்கள் டொரினோ நிற்குமா என்பார்கள். நிற்காது, அது உண்மை. 72-க்குப் பிந்தைய டொரினோ மெத்தைபோல் மிதக்கிற வண்டி. சத்தமில்லாமல் நெடுந்தூரம் போக அதற்கு இணையில்லை. ஏ.எம்.சி. (அமெரிக்கன் மோட்டார்ஸ்) கம்பெனியின் மட்டடோரைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். 1973 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் பந்தய வீரர் மார்க் டானஹியூ மட்டடோரில் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தை வென்றார். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் போட்டு ஓட்டிய வண்டி அது. விஸ்கான்சினில் ஆலை வைத்திருந்த அந்தச் சின்னக் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று பூதங்களுக்கு நடுவே அதைச் செய்து காட்டியது. உங்கள் கட்டுரையில் அதன் பெயர்கூட வரவில்லை.

என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது நண்பர் ஒருவர் தன் மாண்டி கார்லோவில் எங்களைக் கூட்டிப்போனார். முன் சீட்டுக்கு ஒரு நெம்புகோல் உண்டு, அதை இழுத்தால் சீட் அப்படியே கதவுப் பக்கம் திரும்பும். ஒன்பது கஜப் புடவையில் இருந்த அம்மா நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, திரும்பி, காலை உள்ளே வைத்துக்கொண்டார். அப்படி ஒரு வசதியை இன்றைய கார்களில் நான் பார்க்கவில்லை.

குறைகளை மூடி மறைக்க நான் வரவில்லை. வினைல் கூரைக்கு அடியில் ஈரம் தங்கித் தகடு அரித்துக்கொண்டே போகும். மிச்சிகனில் பனிக்குப் போடும் உப்பு கீழிருந்து அரிக்கும். நடுவில் கார் எத்தனை நாள் தாங்கும்? புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கார்புரேட்டரை இறுக்கிவைத்த 73, 74 வண்டிகள் பனிக்காலக் காலையில் இரண்டு முறை அணைந்துதான் கிளம்பும். 1974 மாடல்களில் சீட் பெல்ட் போடாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது என்று வைத்தார்கள். சீட்டில் மளிகைப் பையை வைத்தாலே ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அடம்பிடிக்கும். ஜனங்கள் போட்ட சத்தத்தில் அந்த வருஷ முடிவிலேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த விதியை எடுத்துவிட்டது.

இந்த வகைக் காரின் காலம் எப்போது முடிந்தது என்று கேட்டால் 1977 என்பேன். அந்த வருஷம் பெரிய காப்ரிஸைச் சுருக்கினார்கள். அதன் வீல்பேஸும் (முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) ஷெவெல் வரிசையின் நான்கு கதவு மாலிபுவின் வீல்பேஸும் ஒரே 116 அங்குலம் ஆகிவிட்டது. பெரியதற்கும் நடுத்தரத்துக்கும் இடைவெளியே இல்லை. 1978-இல் மாலிபு, கட்லஸ் எல்லாம் 108 அங்குலத்துக்கு இறங்கின. நல்ல வண்டிகள்தான், எடை குறைவு, பெட்ரோலும் குறைவு. ஆனால் நான்கு கதவு வண்டிகளில் பின்கதவுக் கண்ணாடியை இறங்காதபடி வைத்துவிட்டார்கள். கோடைக்காலத்தில் பின் சீட்டில் பிள்ளைகளோடு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்னும் கோபமாகப் பேசுவார்கள்.

இன்னொரு வேண்டுகோள். இந்தக் குடும்பத்தில் ஸ்டேஷன் வேகன்களும் உண்டு. கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பின்னோக்கி உட்காரும் மூன்றாவது சீட், மேலே தூக்கித் திறக்கும் ஒற்றைப் பின்கதவு. பிட்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயில் கட்டிய புதிதில் இங்கிருந்து இரண்டு குடும்பம் ஒரே வேகனில் புளியோதரைப் பாத்திரத்தோடு கிளம்பிவிடுவோம். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை வைத்து அவற்றைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் பழைய விளம்பரப் புத்தகங்களை அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
லான்சிங், மிச்சிகன்