பெஸ்ட் ஃப்ரெண்டுக்குமா ரூல்ஸ்?

ஆசிரியருக்கு வணக்கம்,

பிரிட்டன் இளவரசர் ஜார்ஜ் 2017ல குட்டிப் பையனா சேர்ந்தாரே லண்டன் ஸ்கூல், அங்க 'பெஸ்ட் ஃப்ரெண்ட்'னு ஒருத்தர மட்டும் வச்சுக்கறத ஊக்குவிக்கறதில்லன்னு அப்பவே நியூஸ் வந்துச்சு, கிளாஸ்ல எல்லாரையும் கூப்பிட்டாதான் பார்ட்டி கார்டையே அங்க குடுக்கலாம்னு அப்ப ரூலாம். கார்டு விஷயம் நியாயம்தான், விட்டுப்போன புள்ளைக்கு வலிக்கும்ல. ஆனா ஃப்ரெண்ட்ஷிப்ப எப்படிங்க பங்கு வைக்கறது?

இங்கயும் ஜூன் மாசம் செக்‌ஷன் மாத்தறேன்னு ஜோடி ஜோடியா பாத்து பிரிக்கறாங்க, கேட்டா "ரெண்டும் சேந்தா ஒரே பேச்சுங்க"ங்கறாங்க. பேசினா பெஞ்ச மாத்துங்க, போதுமே. என் பொண்ணு மாதிரி கூச்சப்படற புள்ளைக்கு டிபன் பாக்ஸ் மூடியில பாதி இட்லிய வச்சு நீட்ட ஒருத்தி கிடைக்கறதே பெரிசு, அவளையும் வேற செக்‌ஷனுக்கு அனுப்பிட்டா லஞ்ச் பெல் அடிச்சதும் இது யார்கிட்ட போய் உக்காரும்? கூட்டம் சேத்துக்கிட்டு ஒருத்திய ஒதுக்கறாங்களா, அங்க டீச்சர் கட்டாயம் தலையிடணும். மத்தபடி பிரிக்கறதுக்கு முன்னாடி பெத்தவங்கள ஒரு வார்த்தை கேளுங்க.

- ஒரு அம்மா, ஈரோடு