அலமாரியில் உறங்கும் அரைகுறைத் தையல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைவேலை பற்றிய பக்கங்களில் 'இன்றே தொடங்குங்கள்' என்ற அழைப்புக்குப் பஞ்சமில்லை. தொடங்கி நின்றுபோனதை எப்படி முடிப்பது என்று எழுதுபவர்கள்தான் குறைவு. ஒட்டுத்துணிப் போர்வை, பூத்தையல் போட்ட மேசை விரிப்பு, ஓரம் மட்டும் மடித்துத் தைக்க வேண்டிய உடை என்று ஏதாவது ஒன்று, பழைய தலையணை உறைக்குள் சுருண்டு, வருடக்கணக்கில் கிடக்கிறது. சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். வேலை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தால் அது சரியில்லை என்பது தெரியும்.

போர்வை வேலை பெரும்பாலும் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் மூட்டில்தான் நிற்கிறது. துண்டுகளை இணைத்து மேல்துணி தயாராகியிருக்கும். அதைப் பஞ்சு விரிப்போடும் அடித்துணியோடும் சேர்க்க வெறும் தரை வேண்டும், மண்டியிட்டு இரண்டு மணி நேரம் வேண்டும். மடியில் வைத்துத் தைத்துவந்தவருக்கு அது முற்றிலும் வேறு வேலை, அங்கே நிற்கும். அல்லது ஓரப்பட்டிக்குத் துணி போதாமல் நிற்கும். அல்லது ஒரு தப்பு நேர்ந்து, பிரிப்பதா விடுவதா என்று முடிவெடுக்காமல் மடித்து வைத்ததாக இருக்கும். ஆகையால் ஊசியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, எங்கே நின்றது, எது குறைகிறது, என்ன முடிவு பாக்கி என்று மூன்று வரி எழுதி வைப்பது நல்லது. பாதிப் பொட்டலங்களில் குறைவது ஒரு நூல்கண்டு மட்டும்தான் என்பது அப்போது தெரியவரும்.

பிரிக்கும்போதே துணியின் நிலையையும் பார்த்துவிட வேண்டும். முதல் எதிரி குண்டூசி. வருடக்கணக்கில் குத்திவைத்த ஊசி துருப்பிடித்து இழையோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் இழையும் சேர்ந்து அறுந்து வரும். மெல்லச் சுழற்றி, துரு உதிர்ந்த பிறகு உருவ வேண்டும். வெள்ளைப் பருத்தியில் இலேசான துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் உதவும். நன்றாக அலசிவிட வேண்டும். குளோரின் வெளுப்பானை மட்டும் தொடவே கூடாது. துருக்கறை அதனால் இன்னும் அழுத்தமாகப் பதியும். துரு இழையையே அரித்திருந்தால் கறையை எடுத்துப் பயனில்லை, அந்த இடத்தில் பிறகு ஓட்டை விழும். மேலே ஒரு ஒட்டுத்துணி வைத்து மூடிவிடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்து, வரைந்த கோடுகள். தண்ணீரில் அழியும் நீல மையால் வரைந்திருந்தால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் மை நிலைத்துவிடும், பழுப்பாகவும் மாறலாம். முதலில் சோப்பு இல்லாத குளிர்ந்த நீர், பிறகுதான் இஸ்திரி. சூட்டில் மறையும் பேனா இதற்கு நேர்மாறு. இஸ்திரியில் மறைந்த கோடு கடுங்குளிரில் மறுபடி தலைகாட்டும். காகித ஒட்டுநாடாவை வழிகாட்டியாக ஒட்டி அப்படியே விட்டிருந்தால் பசை துணியில் தங்கியிருக்கும். எம்பிராய்டரி வளையத்தைக் கழற்றாமல் வைத்திருந்தால் வட்டமாக ஒரு அழுக்குக் கோடும் மடிப்பும் விழுந்திருக்கும். துணியும் நூலும் சாயம் போகாதவை என்று தெரிந்தால் வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கலாம், பெரும்பாலும் போய்விடும்.

நூலைச் சோதிப்பது எளிது. ஒரு முழ நீளத்தை இரண்டு கைகளிலும் சுற்றிச் சட்டென்று இழுங்கள். நல்ல பருத்தி நூல் விரலை அறுப்பதுபோல வலிக்கச் செய்துவிட்டுத்தான் அறும். சத்தமில்லாமல் விட்டுப்போகும் நூல் இற்றுப்போனது, தயங்காமல் எறியலாம். பலர் மறப்பது என்னவென்றால், அதே நூலால் அன்றைக்குத் தைத்த இணைப்புகளும் அதே வயதுதான். நான்கைந்து இணைப்புகளை இருபக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இளகினால் மறுபடி தைத்துவிட்டு மேலே போங்கள். மூன்று அடுக்காகச் சேர்த்த பிறகு உள்ளே கை போகாது.

சாயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு அடர்நிறத் துண்டையும், குறிப்பாகச் சிவப்பையும் கருநீலத்தையும், அழுத்தித் தேயுங்கள். வினிகரும் உப்பும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். முன்பே சாயமிட்டு விற்கும் பருத்தியில் அது பலிக்காது. சாயம் விடும் துண்டு ஒன்றிரண்டுதான் என்றால் இப்போதே மாற்றுங்கள். துவைத்த துணியும் துவைக்காத துணியும் ஒரே போர்வையில் கலந்திருப்பதும் உண்டு. பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடியது. அதனால் புதிதாக வாங்கிச் சேர்க்கும் துணி, முன்பு பயன்படுத்தியதைப் போலவே துவைத்ததா துவைக்காததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. மனம் தளர்வதற்குக் காரணம் மிச்ச வேலை இவ்வளவு என்று தெரியாததுதான். 60க்கு 80 அங்குலப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2 அங்குல இடைவெளியில் கட்டம் கட்டமாகத் தைத்தால், நீளவாக்கில் சுமார் 30 கோடுகள் 80 அங்குலம் வீதம், அகலவாக்கில் 40 கோடுகள் 60 அங்குலம் வீதம். ஆக 4,800 அங்குலம். 12 அங்குலம் தைக்க உங்கள் கைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 6 நிமிடம் என்றால் மொத்தம் 2,400 நிமிடம், 40 மணி நேரம். தினம் அரை மணி உட்கார்ந்தால் 80 நாள். இது பெரிதாகத் தோன்றினால் இடைவெளியை 4 அங்குலமாக்குங்கள், வேலை சரிபாதியாகும். ஆனால் பஞ்சு விரிப்பின் உறையில் அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. பஞ்சைப் பிடித்துவைக்கும் தாங்கு வலை இல்லாத பழைய பாணிப் பருத்தி விரிப்புக்கு 2 அங்குலத்துக்கு மேல் விட்டால் சலவையில் பஞ்சு திரண்டு கட்டி கட்டியாகிவிடும். உறை தொலைந்துபோயிருந்தால் நெருக்கமாகத் தைப்பதே பத்திரம்.

தைப்பதற்குப் பதிலாக முடிச்சுப் போட்டும் முடிக்கலாம். இதைக் குறைச்சலாக நினைப்பவர்கள் உண்டு, நினைத்துவிட்டுப் போகட்டும். 4 அங்குலத்துக்கு ஒன்றாக, முறுக்கிய கனமான பருத்தி நூலை மூன்று அடுக்கிலும் கீழே இறக்கி, மேலே எடுத்து, முடிச்சிட வேண்டும். அதே போர்வைக்கு ஏறக்குறைய 270 முடிச்சு. முடிச்சுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 5 மணி நேரத்துக்குள் அடங்கும். முதலில் வலது நூல் இடதின் மேல், அடுத்து இடது நூல் வலதின் மேல். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் இரண்டாம் சலவையில் அவிழும்.

மூன்று அடுக்கையும் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டு இணைத்த நிலையில் நின்ற வேலையை அப்படியே தொடர வேண்டாம். மடித்து வைத்த காலத்தில் அடுக்குகள் நகர்ந்திருக்கும். கவிழ்த்துப்போட்டு அடித்துணியை உள்ளங்கையால் தடவுங்கள். தளர்வாக உப்பினால் கச்சாத் தையலைப் பிரித்து மறுபடி போட வேண்டும். அடித்துணியைச் சுருக்கமில்லாமல் விறைப்பாகத் தரையில் ஒட்டுங்கள், ஆனால் இழுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் பிறகு அது சுருங்கிக்கொள்ளும், மேல்துணி கொசுவும். அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம், பஞ்சு 2 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். கச்சாத் தையல் நடுவிலிருந்து வெளியே, 4 அங்குல இடைவெளியில். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் உபரித் துணியெல்லாம் நடுவில் சேர்ந்து மடிப்பாக மாட்டிக்கொள்ளும். மேல்துணி தட்டையாகக் கிடக்காமல் ஓரம் அலையடித்தால் கரைத்துணி நீளம் கூடிவிட்டது என்று அர்த்தம். போர்வையின் நடுப்பகுதியை மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்து, கரையைப் பிரித்து அந்த நீளத்துக்கே வெட்டித் தைக்க வேண்டும். கட்டங்கள் அளவில் பொருந்தாததற்குக் காரணம் பெரும்பாலும் தையல் விளிம்பு, அதாவது இணைப்புக்காகத் துண்டின் ஓரத்தில் பிடிக்கும் துணி. ஒரு வரிசையில் 10 துண்டு, 9 இணைப்பு. கால் அங்குலத்துக்குப் பதில் அரை நூல், அதாவது 1/16 அங்குலம், கூடுதலாகப் பிடித்தால் ஒரு இணைப்புக்கு 1/8 வீதம் வரிசையே 1 1/8 அங்குலம் குறைந்துவிடும்.

பழைய தையலும் புதிய தையலும் ஒன்றுபோல் வராது. கண்ணும் கையும் மாறியிருக்கும். அதற்காக முன்பு போட்டதைப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய தையலை மூன்று இடங்களில் 3 அங்குல நீளத்துக்கு எண்ணுங்கள். 18 தையல் என்றால் அங்குலத்துக்கு 6. அதே பஞ்சு, அதே துணியின் மிச்சத்தில் அந்த எண்ணிக்கை வரும்வரை பழகுங்கள். அப்படியும் வேறுபட்டால் புதிய தையலை ஒரு கட்டத்தின் நடுவில் தொடங்காமல் கரையிலோ அடுத்த கட்டத்தின் எல்லையிலோ தொடங்குங்கள், கண்ணுக்கு உறுத்தாது. தையல் சிறிதாக இருப்பதைவிடச் சமமாக இருப்பதுதான் அழகு. ஊசி 9 அல்லது 10ஆம் எண் குட்டை ஊசி. எண் கூடக் கூட ஊசி சிறுத்துக்கொண்டே போகும். நூல் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நீள நூல் ஊசிக்கண்ணில் உரசி உரசிப் பிசிறாகி முடிச்சு விழும். தொடக்க முடிச்சை ஒரு அங்குலம் தள்ளிக் குத்தி இழுத்துப் பஞ்சுக்குள் நழுவவிட வேண்டும். 'டப்' என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் முடிச்சு வெளியே நிற்கிறது, அல்லது முழுவதும் கடந்து போய்விட்டது.

ஓரப்பட்டியில்தான் கணக்குத் தப்புவது அதிகம். அதே 60க்கு 80 போர்வையின் சுற்றளவு 280 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 292. 42 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டிகள் 7 வெட்டினால் 294 வருகிறதே, போதும் என்று தோன்றும். போதாது. பட்டிகளைச் சாய்வாக இணைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் போய்விடும். 6 இணைப்புக்கு 15 அங்குலம். ஆக 8 பட்டி, 20 அங்குலத் துணி. நேரான விளிம்புக்குக் கிராஸ் வெட்டு, அதாவது துணியை இழைக்குச் சாய்வாக வெட்டுவது, தேவையில்லை. பட்டியை இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, வெட்டிய விளிம்புகளைப் போர்வையின் மேல்பக்க விளிம்போடு சேர்த்துக் கால் அங்குலத்தில் தைத்து வந்து, மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி நூலை முடியுங்கள். பட்டியைச் சாய்வாக மேலே மடித்து, பிறகு நேராகக் கீழே இறக்கி, மடிப்பு விளிம்போடு ஒட்டி நிற்கையில் அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். ஒரே ஒரு தையல் தாண்டிப்போனாலும் மடிப்பு சிக்கி மூலை மொண்ணையாகும். பின்பக்கம் திருப்பி மறைதையல் போட 12 அங்குலத்துக்குப் 10 நிமிடம் என்று வைத்தால் சுற்றி வர 4 மணி நேரம் போதும். இவ்வளவு குறைவான வேலை மிச்சமிருக்கும் போர்வையைத்தான் வரிசையில் முதலில் எடுக்க வேண்டும். பெரிதை முதலில் முடித்துவிடலாம் என்று இழுத்துப்போட்டுக்கொள்பவர்களிடம்தான் அடுத்த வருடமும் அதே மூட்டை இருக்கும்.

காகித அச்சின் மேல் துணியை மடித்துத் தைத்த அறுகோணத் துண்டுகளில் ஆறு பக்கமும் பக்கத்துத் துண்டு இணைந்த பிறகே காகிதத்தை உருவ வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு விரிந்து அடுத்த துண்டு பொருந்தாது. பழைய கடிதத்தாள்களை வெட்டிச் செய்த அச்சுகள் உள்ளேயே இருக்கும் நூற்றாண்டு பழைய ஒட்டுவேலைகளின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் அந்தக் காகிதங்களைப் படிக்கிறார்கள். தாளில் உள்ள தேதிக்கு முன்னால் தைத்திருக்க முடியாது என்ற அளவுக்காவது அது சொல்லும். அப்படி ஏதாவது கையில் கிடைத்தால் முடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பூத்தையலில் பெரும்பாலும் நிறம்தான் சிக்கல். ஒரே எண் கொண்ட நூலும் சாயத்தொட்டிக்குத் தொட்டி சற்று மாறும். மிச்சமிருக்கும் பழைய நூலில் ஓர் இழையும் புதியதில் ஓர் இழையும் சேர்த்துக் கோத்துச் சிறிது தூரம் தைத்துவிட்டுப் பிறகு முழுவதும் புதியதற்கு மாறினால் எல்லை தெரியாது.

சிலவற்றை முடிக்காமல் விடுவதும் ஒரு முடிவுதான். இற்றுப்போன பட்டோ, பிடிக்காமல் போன நிறமோ இருந்தால் நல்ல பகுதியை வெட்டி மெத்தை உறையாக்கிவிட்டு மீதியைக் கழித்துக்கட்டுங்கள். இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டியவற்றுக்குக் கஞ்சி போடாதீர்கள், வெள்ளிப்பூச்சி தேடி வரும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், ஈரம் தங்கும். துவைத்த பருத்தி உறையில் வைத்து, மடிப்பு அதே இடத்தில் விழாதபடி அவ்வப்போது மாற்றி மடியுங்கள்.

முடிந்த போர்வையில் யார் தைத்தது, எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் முடிந்தது என்று துணியில் எழுதி ஒரு சீட்டு வைப்பதாக இருந்தால், ஓரப்பட்டி தைப்பதற்கு முன்பே பின்பக்க மூலையில் வைத்துவிடுங்கள். இரண்டு பக்கத்தைப் பட்டியே பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டு பக்கத்துக்கு மட்டும் கைத்தையல் போதும்.

இப்படிக்கு,
கைத்தையல் கற்பிக்கும் வாசகர்