செந்திலுக்கு, கோர்ட் விஷயமாக

அன்புள்ள செந்தில்,

நீ போன் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். குறையாகச் சொல்லவில்லை. வேலை நேரத்தில் எடுக்க முடியாதுதான். ராத்திரியிலும் எடுக்க முடியாத வேலை என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நம்ம கோர்ட்டைக் காலி செய்யப் போகிறார்கள். பைபாஸில் புதுக் கட்டடம் தயார். முன்சீப், மாஜிஸ்திரேட், சப் கோர்ட் எல்லாம் இனி ஒரே வளாகத்தில். லிஃப்ட் உண்டு, பெண்களுக்குத் தனிக் கழிவறை உண்டு. சர்வீஸ் முழுக்க எதிர்வீட்டுக்காரர் தயவில் ஓட்டியவள் நான், அந்த ஒன்றுக்காகவே கட்டியவர்களை வாழ்த்துவேன். ஆனால் பழசை இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் விடலாம் என்று பேச்சு. இரண்டு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "உறுதி இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்களாம். தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாமா? நீ படித்தது இதைத்தானே, சொல்.

மனசு கேட்காமல் நானே போய்ப் பார்த்தேன். ரெக்கார்டு ரூமுக்கு மேலே கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று, என் இடுப்பு உயரம். வேர் உள்ளே இறங்கி, கீழே விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். தண்ணீர்க் குழாயில் சருகு அடைத்து மச்சில் மழைத் தண்ணீர் நிற்கிறது. அதைவிடக் கொடுமை, நான் ரிட்டயர் ஆன பிறகு உள்பக்கம் பூசிய சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், காய்ந்தால் வெளியே விட்டுவிடும். சிமெண்டைப் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல் மாவாகிவிடுகிறது. நகத்தால் சுரண்டினேன், செந்தூள் கையோடு வந்தது. சிமெண்ட் படாத மேற்குச் சுவரைத் தடவிப் பார், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, இன்றைக்கும் வழவழவென்று இருக்கிறது. யார் ரிப்பேர் செய்தாலும் சிமெண்ட் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஹாலில் இருப்பது மெட்ராஸ் டெரஸ் கூரை, உனக்குத் தெரியும். தேக்குக் கட்டை, அதன்மேல் குத்துச் செங்கல், அதற்குமேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு இடித்தது. கட்டை முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் இற்றுப்போயிருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று காலேஜ் படிக்கும்போது நீதான் சாட்சிக்கூண்டுப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னாய். அன்றைக்கு முன்சீப் ஐயாவே "உங்க பையனாம்மா?" என்று கேட்டார். டவாலி முதற்கொண்டு எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். இப்போது யாராவது "செந்தில் எப்படி இருக்கான்?" என்றால், நன்றாக இருக்கிறான் என்கிறேன். அதற்குமேல் சொல்ல நீ எனக்கு என்ன கொடுத்திருக்கிறாய்?

ஊருக்கு ஊர் முன்சீப் உட்காருவது என்பதே 1816-ல் மதராஸ் அரசாங்கம் போட்ட ரெகுலேஷனில் வந்தது. 1873-ல் சிவில் கோர்ட் சட்டம் வந்து, இப்போதிருக்கிற வரிசைக்கு வந்தது. அதற்கப்புறம் எத்தனை வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினை, கடன் பத்திரம்! தாத்தா காலத்து வழக்கின் தீர்ப்பு டிகிரிக்கு நகல் கேட்டு இன்றைக்கும் ஆள் வருகிறார்கள். நகலைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, அந்த ஹாலை ஒருதரம் எட்டிப் பார்க்காமல் போனவர்களை நான் கண்டதில்லை.

மதுரை மஹாலுக்கு உன்னைக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? திருமலை நாயக்கர் 1636-ல் கட்டியது. பாதிக்கு மேல் போய், மிச்சமும் போகிற நிலையில், நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோதுதான் (1866–72) பழுது பார்த்தார்கள். 1970 வரை ஜில்லா கோர்ட் அங்கேதான் நடந்தது. கோர்ட் நடந்ததால்தான் கூரை ஒழுகினால் கேட்க ஆள் இருந்தது என்பது என் கட்சி. சென்னை சேப்பாக்கத்தில் நவாபின் பழைய அரண்மனை, கலஸ் மஹால், 2012-ல் தீப்பிடித்து எரிந்தது. தீர்ந்தது கதை என்றுதான் நானும் நினைத்தேன். சீர்செய்து, இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அங்கே உட்காருகிறது. எரிந்ததையே எழுப்ப முடியுமென்றால் ஒரு விரிசலுக்கா இடிப்பது? பூட்டி வைத்தால்தான் கெடும். சமரச மையத்துக்கோ இலவசச் சட்ட உதவிக்கோ கொடுக்கட்டும். பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஓர் ஆணையம் வேண்டும் என்று 2012-லேயே சட்டசபையில் சட்டம் போட்டாயிற்று. மனுவை நான் எழுதிவிடுவேன், அந்தத் தமிழ் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கோர்ட் ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்த ஒரு ரிட்டயர்டு சிரஸ்தார் சொன்னால் யார் கேட்பார்கள்? கட்டட அளவு, படம், எந்தக் கட்டை தாங்கும், எது தாங்காது என்று விவரம் தெரிந்தவன் கையெழுத்தோடு ஓர் அறிக்கை வேண்டும்.

உன் சித்தி ஏதோ சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் ஒன்றைப் பத்தாக்குகிறவள். கம்பெனி என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும். கல்யாணிப் பெரியம்மா மகன் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான், இப்போது எங்கே இருக்கிறான் பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்காதே, சும்மா சொல்கிறேன்.

உனக்கு லீவு இருக்கும்தானே? லீவு என்றுதான் சொல்கிறேன். அப்பாவிடமும் லீவில் வருகிறான் என்றே சொல்லிக்கொள்கிறேன். அவர் எதுவும் கேட்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. மாடி ரூமைக் கழுவிவிட்டு மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன், வரைவதற்கு வெளிச்சம் வேண்டுமே. ஒரு மாசம் ஆனாலும் ஆகட்டும், அளவெடுக்கிற வேலையை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது.

கோர்ட் வேலை நாளாகப் பார்த்து வா, சனி ஞாயிறு என்றால் பூட்டியிருக்கும். மச்சுச் சாவி, ஜப்திக்குப் போகிற கோர்ட் அமீனாவிடம் இருக்கிறது, பேசிவிட்டேன். ஏறினால் சுவர் ஓரமாகவே நட, நடுவில் கால் வைக்காதே. அரசங்கன்றை நீ வந்து பார்க்கும் வரை யாரும் பிடுங்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வந்துவிடும் என்று நீதான் சொல்வாய். அந்த விரிசலில் சிமெண்ட் வைத்து அடைக்கவும் விடமாட்டேன்.

எந்தத் தேதி என்று எழுது. வாய்தா மட்டும் கேட்காதே.

அம்மா