வேப்பேரி நாய் ஆஸ்பத்திரிக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சிறு பிராணிகள் பிரிவில் இருக்கும் மருத்துவர்களுக்கும், பயிற்சி மருத்துவர்களுக்கும், உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

நம் ஊரில் பொது ஆஸ்பத்திரிகளுக்கு எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் புகார்க் கடிதங்கள்தான். காரியம் கெட்டால் பேனா எடுப்போம். நல்லபடியாக முடிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கப் போய்விடுவோம். இந்த மடல் அப்படிக் கும்பிடு போட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து. வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் படித்தால், ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளை முதல் எல்லோரும் அந்த ஒரு டாக்டரைத்தான் பார்ப்பேன் என்று அடம் பிடிப்பார்கள். அதுவுமில்லாமல், எங்களைப் பார்த்தவர்களில் பாதிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், சட்டையெல்லாம் நாய் முடி, அவ்வளவுதான் அடையாளம்.

குணப்படுத்தியதற்கு மட்டும் நன்றி என்றால் இந்த மடல் சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து உங்களிடம் வந்த இரண்டில் ஒன்றுதான் இன்று இருக்கிறது. நாய் பிழைத்தது, பூனை பிழைக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி. இரண்டு தடவையும் நீங்கள் எங்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். சொல்லிவிட்டு நகர்ந்து போகாமல் கூடவே நின்றீர்கள். அந்த இரண்டாவது விஷயத்துக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

முதலில் நாய். பெயர் செவலை. தெருவில் கிடந்து வீட்டுக்குள் வந்த நாட்டு நாய். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, மூன்றாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. உங்கள் டாக்டரம்மா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேள்வி கேட்கவில்லை. செவலை மேசையில் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடித்ததும், அவரே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதவியாளர் ஒருவர் பேண்டேஜ் துணியில் சுருக்குப் போட்டு, மூக்கைச் சுற்றி, தாடைக்கு அடியில் குறுக்காக எடுத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வாய்க்கட்டு தயார். அதைக் கட்டும்போது அவர் செவலையிடம் பேசிக்கொண்டே இருந்தார். "ஒண்ணுமில்லடா ராஜா, சும்மா ஒரு நிமிஷம்." எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. முறை அதுதானே, நோயாளி அதுதான்.

டாக்டரம்மா கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், வாய்க்கட்டின் ஓரமாக உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, உடனே மறுபடி சிவக்க வேண்டுமாம். செவலையின் ஈறில் வெளுப்பதற்கே சிவப்பு இல்லை. உண்ணிக் காய்ச்சல். நாயின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி உள்ளே போய், ரத்தத்தில் வெள்ளை அணுக்களில் குடியேறிவிடுகிறது. ஆரோக்கியமான நாய்க்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். செவலைக்குச் சில ஆயிரங்கள்தான் இருந்தன. அதனால்தான் மூக்கில் ரத்தம்.

அப்போது அந்த டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரத்தம் ஏத்தினா நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள்ள மாத்திரை வேலை செய்யணும். செய்யும்னு நம்புறேன், ஆனா உறுதியா சொல்ல மாட்டேன்." பிறகு என்ன செலவாகும், எதற்கெல்லாம் ஆகும், எதை நாளைக்குத் தள்ளிப்போடலாம் என்று சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். பணத்தைப் பற்றி ஒரு மருத்துவர் தானாக முன்வந்து பேசுவது எவ்வளவு பெரிய உபகாரம் என்று நடுத்தரக் குடும்பத்துக்காரர்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்கக் கூச்சப்படுவோம். கேட்டால் பாசமில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

நாய்க்கு ரத்த வங்கி என்று ஒன்று இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். மனிதர்களைப் போல நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. ஆனால் நாய்க்குப் பிற வகை ரத்தத்துக்கு எதிரான வலுவான எதிர்ப்பொருள்கள் பிறவியிலேயே பொதுவாக இருப்பதில்லை என்பதால், முதல் தடவை ஏற்றும்போது ஆபத்து குறைவு என்று விளக்கினீர்கள். பூனைக்கு அந்தச் சலுகை இல்லையாம், வகை பார்க்காமல் ஏற்றவே கூடாதாம். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சொன்னதால் என்ன ஆயிற்று என்றால், ஒவ்வொரு சொட்டு இறங்கும்போதும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை.

ரத்தம் முதலில் மிக மெதுவாகத்தான் இறங்க வேண்டும். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்: தடிப்பு, வாந்தி, காய்ச்சல், மூச்சிரைப்பு. அதைக் கவனிக்க ஒரு பயிற்சி மருத்துவரை, சின்னப் பெண், செவலை பக்கத்தில் உட்கார வைத்திருந்தீர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணுவாள், தெர்மாமீட்டர் வைப்பாள், நோட்டில் குறிப்பாள், மறுபடி எண்ணுவாள். மதியம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கோட்டுப் பாக்கெட்டில் ஒரு பன் இருந்தது, அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். "அம்மா, நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். எங்கள் மகள் வயசுகூட இருக்காது. ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவள், அடுத்த வருஷம் எந்த ஊர் மருந்தகத்தில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருப்பாளோ. அந்த ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இந்தக் கல்லூரியின் கதையும் அப்படிப்பட்டதுதான். 1903-இல் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் ஆரம்பித்தபோது, பட்டாளத்துக் குதிரையும் உழவு மாடும்தான் கால்நடை மருத்துவத்தின் கவலை. 1935-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, நாட்டிலேயே முதலில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் தந்த இடம். பிறகு 1989-இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது, அதுவும் இந்தியாவில் முதல். ஏர் உழாத, பால் கறக்காத, வண்டி இழுக்காத ஒரு தெரு நாய்க்காக இன்று அதே வளாகத்தில் ரத்தம் ஏற்றுகிறார்கள். இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, வடசென்னைக்காரி என்ற முறையில்.

அன்று பக்கத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வயதான ஒருவர், குட்டைக்கால் டாஷ்ஹண்ட் நாயை ஒரு பழைய போர்வையில் சுற்றித் தூக்கி வந்திருந்தார். முந்தின நாளிலிருந்து பின்னங்கால் இரண்டும் வேலை செய்யவில்லை. அந்த இனத்துக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகுவது சகஜம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். "கஷ்டப்பட வேணாம் டாக்டர், ஊசி போட்டுடுங்க" என்றார் பெரியவர். குரல் உடைந்திருந்தது. டாக்டர் பதில் எதுவும் சொல்லவில்லை. இடுக்கி ஒன்றை எடுத்து, பின்னங்கால் விரலைக் கொஞ்சம் அழுத்தமாகக் கிள்ளினார். நாய் வெடுக்கென்று திரும்பி உறுமியது. டாக்டர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "பாருங்க ஐயா, உங்க பையன் கோவப்படுறான். வலி தெரியுது. வலி தெரியற வரைக்கும் நம்பிக்கை இருக்கு. ஊசிப் பேச்சை இப்ப எடுக்காதீங்க." கூண்டு ஓய்வு, மருந்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை, சிறுநீர் தானாகப் போகாவிட்டால் எப்படி அழுத்தி எடுப்பது என்று எல்லாம் பொறுமையாகச் சொன்னார். அந்த நாய் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாகடிக்கச் சொல்லி வந்தவர் கூண்டுக்கு அளவு கேட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

பூனை விஷயத்தில் நேர் எதிர். குட்டிமாவுக்குச் சிறுநீரகம் பழுது. பூனை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும் ஜந்து. தண்ணீர் நிறையக் குடிக்கிறதே, நல்லதுதானே என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாதிக்கு மேல் போய்விட்டிருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இது இனிமே சரியாகாதும்மா. ஆனா இருக்கிற வரைக்கும் குமட்டல் இல்லாம, கொஞ்சம் சாப்பிட்டுக்கிட்டு, வெயில்ல படுத்துக்கிட்டு இருக்க வைக்கலாம். அதை நீங்க வீட்லயே செய்யலாம்."

செய்தோம். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் ஊசியைச் செருகி, தோலுக்கடியில் சலைன் விட வேண்டும். என் தங்கையை நிற்க வைத்து அவள் கையாலேயே செய்ய வைத்தீர்கள். ஊசி முனை அந்தப் பக்கம் துளைத்துத் தண்ணீர் முதுகில் வழிந்தபோது, "பரவாயில்ல, எங்க பசங்களும் முதல்ல இப்படித்தான் குளிப்பாட்டுவாங்க" என்று சிரித்தீர்கள். அவளுக்குக் கை நடுக்கம் போனதே அந்தப் பேச்சில்தான்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை. இந்தத் தடவை ஊசிப் பேச்சை எடுத்தது நீங்கள்தான். முதல் ஊசி தூங்க வைக்கும், அது ஆழ்ந்து தூங்கிய பிறகுதான் இரண்டாவது என்று முன்கூட்டியே சொன்னீர்கள். கண் திறந்தே இருக்கலாம், கடைசியில் ஒரு மூச்சு இழுக்கலாம், அது வலியில்லை, பயந்துவிடாதீர்கள் என்றும் சொன்னீர்கள். வெளியே வரிசை வாசல் வரை நின்றது. யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?" என்று தங்கை கேட்டாள். "இன்னைக்கே செய்வேன்" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் நாங்கள் இன்றைக்கும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.

எங்களோடு நீங்கள் படும் பாட்டையும் இங்கே ஒப்புக்கொண்டு எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். நாலு நாள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை கொடுத்துவிட்டு ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, ஒரு மாத்திரையே எமன் என்று நீங்கள் தொண்டை வறளச் சொல்கிறீர்கள். நாய்க்குட்டிகளை வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வாட்டும் பார்வோ நோய்க்கான தடுப்பூசியை ஒன்றோடு நிறுத்திவிடுவோம். குட்டிக்கு ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி எப்போது குறையும் என்று குட்டிக்குக் குட்டி மாறும் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வீர்கள்? கடித்தால் "எங்க டாமி கடிக்கவே மாட்டானே" என்போம், உங்கள் கையில் ரத்தம் வழிந்துகொண்டிருக்கும்போதே. வெறிநாய்க்கடி பயம் எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் என்றால் உங்களுக்குத் தினமும். பிராணி போய்விட்டால் சிலர் கூச்சலும் போடுகிறார்கள். அந்தக் கூச்சலைக் கேட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த குட்டியிடம் "என்னடா தங்கம்" என்று குனிகிறீர்களே, அது எப்படி முடிகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை.

பல்கலைக்கழகத்தையும் துறையையும் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்றே ஒன்று. விஞ்ஞானம் பாடத்திட்டத்தில் இருக்கிறது, சரி. நோயாளியின் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்பதை அந்தப் பன் தின்ற பெண் எங்கே கற்றாள்? பக்கத்தில் நின்று பெரிய டாக்டர்களைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் படிக்கிற பிள்ளைகளுக்கும் அப்படிப் பார்த்துக் கற்க நேரமும் ஆளும் கிடைக்கட்டும். ஒரு டாக்டர் தலையில் இத்தனை நாய் என்று ஏற்றிக்கொண்டே போனால், முதலில் காணாமல் போவது இந்தப் பேச்சுத்தான்.

இனிப்பு வாங்கி வந்தால் வாங்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் வேறு வழி பார்த்தோம். செவலை ரத்தம் கொடுக்க முடியாது, உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. நாலு வயசு, முப்பது கிலோவுக்கு மேல், தடுப்பூசியெல்லாம் சரியாகப் போட்டது, உண்ணி கிடையாது. அதன் வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். கழுத்து நரம்பில் எடுப்பார்கள், படுக்க வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதும், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். சரி என்றுவிட்டார். அடுத்த வாரம் அழைத்து வருகிறோம், சோதித்துப் பாருங்கள். பெயர் ப்ரூனோ. ஊசிக்குப் பயப்பட மாட்டான். ஆனால் மேசை மேல் யாராவது பன் வைத்திருந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செவலையின் வீட்டார்,
பெரம்பூர்.