கிளை நூலகங்களில் ஒரு ரயில் ஆட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் பிறந்துவிட்டால் ஊட்டி, கூடலூர் பக்கமும், அக்டோபர் வந்துவிட்டால் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மழை பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. அந்த மாதங்களுக்காக நீலகிரியின் கிளை நூலகங்கள் சிறுவர் பிரிவில், சீட்டுகளைக் கொண்டு பலகையில் ரயில் பாதை பிடிக்கும் 'டிக்கெட் டு ரைடு' ஆட்டப் பெட்டி ஒன்றை வாங்கி வைக்க வேண்டும். சீட்டு என்றாலே பணம் வைத்து ஆடுவது என்று பயப்படும் பெற்றோர் உண்டு. இதில் பணமும் கிடையாது, பந்தயமும் கிடையாது. ஆலன் மூன் வடிவமைத்து 2004-இல் வெளிவந்த இந்த ஆட்டம் அதே ஆண்டு ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்குத் தரும் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' விருதைப் பெற்றது. 8 வயதிலிருந்து ஆடலாம். 2 முதல் 5 பேர் வரை சேரலாம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பலகையில் இருப்பது வட அமெரிக்க வரைபடம். ஆளுக்கு 45 குட்டி ரயில் பெட்டிகள். வண்டிச் சீட்டு மொத்தம் 110: எட்டு நிறங்களில் தலா 12, ஜோக்கர் போல எந்த நிறத்துக்கும் ஈடாகும் இன்ஜின் சீட்டு 14. இவை தவிர 30 டிக்கெட் சீட்டுகள். தொடக்கத்தில் ஆளுக்கு 4 வண்டிச் சீட்டு, 3 டிக்கெட். டிக்கெட்டில் இரண்டையாவது வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு டிக்கெட்டும் இரண்டு ஊர்களைச் சொல்லும். இணைத்தால் அந்த மதிப்பெண் கூடும், இணைக்காவிட்டால் அதே அளவு கழியும். சியாட்டில்–நியூயார்க்குக்கு 22, டென்வர்–எல் பாசோவுக்கு 4. ஆங்கிலம் படிக்கத் தடுமாறும் குழந்தையும் ஆடலாம். டிக்கெட்டிலேயே சிறு வரைபடத்தில் இரண்டு ஊர்களும் குறிக்கப்பட்டிருக்கும்.

ஒரு முறைக்கு ஒரே வேலைதான்: இரண்டு வண்டிச் சீட்டு எடுக்கலாம், அல்லது இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள ஒரு பாதையை, அதன் நீளத்துக்கு ஈடாக அதே நிறச் சீட்டுகளைக் கொடுத்து, ரயில் பெட்டிகளை வைத்துப் பிடிக்கலாம், அல்லது புது டிக்கெட் மூன்று எடுத்து ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம். சீட்டும் எடுத்துப் பாதையும் பிடிப்பதுதான் முதல் தவறு. அப்படி ஆடினால் யோசிக்க எதுவுமே மிஞ்சாது. திறந்து வைத்த ஐந்து சீட்டுகளிலிருந்து இன்ஜினை எடுத்தால் அந்த முறைக்கு அது ஒன்றுதான். மூடிய கட்டிலிருந்து தற்செயலாக வந்தால் இன்னொன்றும் எடுக்கலாம். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் இன்ஜின் சேர்ப்பவரே ஜெயிப்பார், 'எல்லாம் அதிர்ஷ்டம்' என்று பிள்ளைகள் பெட்டியை மூடிவிடுவார்கள். திறந்த ஐந்தில் மூன்று இன்ஜினாகிவிட்டால் ஐந்தையும் ஒதுக்கிப் புதிதாக விரிக்க வேண்டும். சாம்பல் நிறப் பாதைக்கு எந்த நிறமும் ஆகும், ஆனால் நிறங்களைக் கலக்கக் கூடாது. இரண்டு ஊர்களுக்கு இடையே அருகருகே ஓடும் இரட்டைப் பாதை இரண்டையும் ஒருவரே பிடிக்க முடியாது. இரண்டு மூன்று பேர் மட்டும் ஆடும்போது ஒன்றைப் பிடித்ததும் மற்றது அடைபட்டுவிடும்.

6 பெட்டி நீளப் பாதைக்கு 15 மதிப்பெண். அதே 6 பெட்டியை மூன்று மூன்றாக வைத்தால் 8, இரண்டிரண்டாக வைத்தால் வெறும் 6. சீட்டுச் சேரும்வரை நீளப் பாதைக்குக் காத்திருப்பதா, அதற்குள் அடுத்தவர் பிடித்துவிடுவாரா என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஒருவர் கையில் ரயில் பெட்டி இரண்டோ அதற்குக் குறைவாகவோ ஆனதும் அவர் உட்பட எல்லோருக்கும் இன்னும் ஒரே முறை. முடிவில் அறுபடாத மிக நீளத் தொடருக்கு 10 கூடுதல்.

மலையில் இதைக் கெடுப்பது ஈரம். ஈரம் ஏறிய சீட்டு வளையும், ஒன்றோடொன்று ஒட்டும். வளைந்த இன்ஜின் சீட்டை முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம். அதன்பின் ஆட்டத்தில் நேர்மை இருக்காது. வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில் வைக்க வேண்டாம், உள்ளே நீர் கோக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். நனைந்த சீட்டை ஹீட்டர் முன் காட்டினால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து இன்னும் சுருளும். இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவே விரித்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டு நாள் விட வேண்டும். கலைக்கும்போதும் சீட்டை வளைக்காமல் மேசையில் பரப்பிக் கலைப்பதே நல்லது. சீட்டுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறை வாங்குவதற்கு முன் சீட்டை அளந்துகொள்ளுங்கள். முதல் பதிப்பின் சீட்டு வழக்கமான சீட்டைவிடச் சிறியது.

குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் ரயில் ஏறிவந்த மலை இது. பாதை போடுவதன் சிரமத்தை இங்குள்ள பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. நூலகர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 110, 30, ஒவ்வொரு நிறத்துக்கும் 45 என்ற எண்ணிக்கையை மூடியின் உட்புறம் ஒட்டிவைத்து, பெட்டி திரும்ப வரும்போது பிள்ளைகளையே எண்ணச் சொல்வது. ஒரே நிறத்தில் இரண்டு சீட்டு தொலைந்தாலும் அந்த நிறத்து 6 பெட்டிப் பாதையைப் பிடிப்பது கடினமாகிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.