மதிப்பெண் பார்த்துப் பிரிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு, மற்றவர்களுக்கு வேறொன்று என்று பிரித்துவைப்பதைப் பல பள்ளிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. கணித ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் இதை வன்மையாக எதிர்க்கிறேன்.

முக்கால் பெரியதா, மூன்றில் இரண்டு பெரியதா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பயிற்சி பெற்ற பிள்ளை 9/12, 8/12 என்று பகுதிகளைச் சமமாக்கிவிடும். இன்னொரு பிள்ளை கட்டம் வரைந்து நிழலிட்டுக் காட்டும். வீட்டில் தம்பி தங்கைகளுக்குப் பங்கு வைத்துப் பழகிய பிள்ளையோ, "முழுதாவதற்கு இதில் கால் பங்குதான் குறைகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறதே" என்று எதையும் எழுதாமலே சொல்லிவிடும். ஒரே மாதிரி வளர்ந்து ஒரே மாதிரி தயாரானவர்கள் மட்டும் இருக்கும் வகுப்பில் முதல் வழியோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்த வழி ஏன் சரி என்ற கேள்வியே எழுவதில்லை.

ஒரே அறையில் அடைத்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் பல இனப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கத் தொடங்கியபோது மோதல்தான் மிஞ்சியது. உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொன்று கொடுக்கச் செய்தார். தன் பகுதியை ஒவ்வொருவரும் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். திக்கித் திணறிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் அந்தப் பகுதி யாருக்கும் கிடைக்காது. அதனால் கேலியை விட்டுவிட்டு, பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனிடமிருந்து வரவழைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

'என் பிள்ளையின் படிப்பு பின்தங்கிவிடுமே' என்ற பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. பின்லாந்து 1985இல், அதுவரை கணிதத்திலும் மொழிப் பாடங்களிலும் இருந்த திறன்வாரிப் பிரிவினையைக் கைவிட்டது. பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வு 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக நடந்தபோது, வாசிப்பில் அந்நாடே முதலிடம் பெற்றது. அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். கலந்து படித்தால் தரம் கெட்டுவிடும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

ஆனால், நிரம்பி வழியும் வகுப்பில் எந்த ஆசிரியராலும் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு குழுவின் பேச்சையும் அவர் காதுகொடுத்துக் கேட்கும் அளவுக்கு வகுப்புகள் சிறியதாக வேண்டும். அதற்கான பயிற்சியும் நேரமும் வேண்டும். பிரிவுகளைக் கலைக்கச் சொல்பவர்கள் இந்தச் செலவையும் ஏற்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்