தேடுபொறி மூன்று, சாட்சி ஒன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

பிங், யாஹூ, டக்டக்கோ மூன்றிலும் தேடினேன், ஒரே விடைதான் வந்தது, ஆகவே தகவல் சரி என்று முடிவுகட்டும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. யாஹூவும் டக்டக்கோவும் தம் முடிவுகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்துதான் வாங்குகின்றன. ஒத்துப்பார்க்க வேண்டுமானால் சொந்தமாகப் பக்கங்களைத் திரட்டி அட்டவணை வைத்திருக்கும் கூகுள், பிங், பிரேவ் ஆகியவற்றில் இரண்டையாவது எடுக்க வேண்டும்.

அப்போதும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். விக்கிப்பீடியாவில் யாரோ ஆதாரமில்லாமல் ஓர் ஆண்டைச் சேர்க்கிறார். செய்தித்தளங்கள் அதை எடுத்தாள்கின்றன. பிறகு அந்தச் செய்தியே கட்டுரைக்கு அடிக்குறிப்பாக வந்து உட்காருகிறது! இதைப் பிடிக்க வழி உண்டு. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்புகளை ஒப்பிட்டு, அந்த எண் எப்போது நுழைந்தது என்று பாருங்கள். 2016 மார்ச் என்றால், கூகுளில் அந்த எண் வரும் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் 'பிஃபோர்' (before), ஒட்டியே முக்காற்புள்ளி, ஒட்டியே 2016-03-01 என்று அடியுங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடம் விட்டால் கட்டளை பலிக்காது. அதற்கு முந்தைய பக்கம் ஒன்றும் அகப்படாவிட்டால் சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டுமே, பக்கத்தின் தேதியைக் கூகுள் ஊகிப்பதால் தவறுவதுண்டு, பழைய அச்சு நூல் இணையத்துக்கே வராமலும் இருக்கலாம். பக்கத்தின் முகவரியை இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் இட்டால், சேமித்த நகல் இருக்கும் நாள்களில் அதில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். கூகுள் தான் சேமித்துக் காட்டிய 'கேச்' நகல்களை 2024-இல் நிறுத்திய பிறகு இதன் தேவை கூடியிருக்கிறது.

தமிழில் தேடுவோருக்கு மேற்கோள் குறியே முட்டுக்கட்டையாவதும் உண்டு. "அணையின் கொள்ளளவு" என்று அடித்தால் "அணைக் கொள்ளளவு" என்று எழுதிய பக்கம் விடுபட்டுப்போகும். உருபும் ஒற்றும் மாறிய வடிவங்களையும் தனித்தனியே தேட வேண்டும். யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பழைய பிடிஎஃப் கோப்புகளோ தமிழ்ச் சொல்லுக்குப் பெரும்பாலும் சிக்குவதே இல்லை. அவற்றுக்கு ஆங்கிலத் தலைப்பையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

"சுமார் இரண்டு லட்சம் முடிவுகள்" என்று தேடுபொறி காட்டுவது வெறும் மதிப்பீடு. கடைசிப் பக்கம்வரை தள்ளிக்கொண்டே போனால் சில நூறில் நின்றுவிடும். அதை ஆதாரமாகக் காட்டுவது வீண். முடிவுகளுக்கு மேலே வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தில் உள்ள எண்ணையும், கூடவே தரும் இணைப்பைத் திறந்து அந்த எண் அங்கே இருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது.

தங்கள் இதழும் இணையத்திலிருந்து எடுத்த எண்களை வெளியிடும்போது, "இணையத் தகவல்" என்று போடாமல், மூல ஆவணத்தின் பெயரையும் அதைப் பார்த்த நாளையும் ஒரு வரியில் தந்தால் வாசகர்கள் சரிபார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நூலகர் ஒருவர்